சேனலுக்குப் பிடித்த முகம்

மாஸ்டருக்கு அழகான முகம் என்று அவரைப் பெற்றவள்கூடச் சொன்னதில்லை. சப்பை மூக்கு, உப்பிய கன்னம், சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவரைப் போல எப்போதும் ஒரு பார்வை. அப்படிப்பட்ட முகத்தை ஒரு தொலைக்காட்சிச் சேனல் திரும்பத் திரும்பக் காட்டியது என்றால், அதற்குக் காரணம் அந்த முகம் இல்லை. வேறொருத்தியின் இடுப்பு. எடுத்த எடுப்பிலேயே இப்படி ஆரம்பிக்கிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சேனல்காரர்கள் சுளித்த சுளிப்பே போதும்.

மாஸ்டருக்கு வேலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். அந்தக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் மாஸ்டரின் காலடியில். யாருக்கும் கோபம் வராமல், யார் மீதும் மோதாமல், சரியான நொடியில் அதை மிதிப்பதுதான் அவர் தொழில். பள்ளிக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கிய கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே கார் மூடும் உறைக்குக் கீழே அவருடைய ட்ரம்ஸ் இருந்தது. வேலை முடிந்ததும் உறையை விலக்கிவிட்டு வெளுத்து வாங்குவார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் பழகிப்போனார்கள். அவருடைய மாமியார் மட்டும் பழகவே இல்லை. "என் மாப்பிள்ளை சாயங்காலமானா தகரம் தட்டப் போயிடுவார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் காரில்தான் வாயாடி வந்து ஏறினாள். அது அவளுடைய பெயர் இல்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியை எரிச்சலில் வைத்தது. பிற்பாடு அதையே பெரிய எழுத்தில் சுவரொட்டியில் போட்டுக்கொண்ட துணிச்சல்காரி அவள். அதுவரை மேடையில் பெண்கள் நின்ற இடத்தில் நின்று, பிறர் எழுதிக் கொடுத்ததைப் பாடிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தன் பாட்டைத் தானே எழுதி, தன் குழுவைத் தானே சேர்த்து, மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தவள் இவள்தான் முதலில். ஆனால் மாஸ்டரிடம் வந்தபோது அவளிடம் ஒரு குழுவும் இல்லை. கார் ஓட்டத் தெரிந்தால் துணிக்கடையில் சரக்கு வண்டி ஓட்டும் வேலை கிடைக்கும் என்று வந்திருந்தாள்.

அவளுக்கு ஓட்ட வரவே இல்லை. சந்திப்பில் வண்டி நின்றுபோகும். பின்னால் இருப்பவர்கள் ஹாரனை அலற விடுவார்கள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்துப் பாடினாள்:

"ஹாரன் அடிக்காதே, ஐயா,
வழி எனக்கும் தெரியும்.
வண்டி நின்னா நிக்கட்டும்,
இறங்கித் தள்ளத் தெரியும்."

மாஸ்டரின் விரல்கள் தாமாகவே முன்பலகையில் தட்ட ஆரம்பித்தன. அவள் பாட்டை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இத்தனை நாளா இதை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"கொட்டகையில" என்றார் மாஸ்டர்.

அவளுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. ட்ரம்ஸ்காரர் கிடைத்தார். மாஸ்டருக்கு ஒரு மாணவி குறைந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொழுது எப்போது சாயும் என்று காத்திருக்கிற சந்தோஷம் வந்து சேர்ந்தது. ட்ரம்ஸுக்குப் பின்னால் கிடக்கும் அந்த முக்காலியில் உட்கார்ந்து, அவளுக்குப் பின்னால் குச்சியை ஓங்குகிற நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தோன்றியது. மனைவியிடம் அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். "தெரியுமே, முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு" என்றாள் அவள்.

ஒரு சிக்கல் இருந்தது. பாட்டை எங்கே நிறுத்துவாள் என்பது வாயாடிக்கே தெரியாது. கூட்டத்தில் யாராவது சிரித்தால் நிறுத்துவாள். பதில் கொடுக்கத் தோன்றினாலும் நிறுத்துவாள். ட்ரம்ஸும் அதே நொடியில் நிற்காவிட்டால் மானம் போய்விடும். ஒரு கையில் மைக், இன்னொரு கை காற்றில். மிச்சம் இருந்தது இடுப்புதான். இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினால் நிறுத்து; வலப்பக்கம் வெட்டினால் திரும்பத் தொடங்கு. மாஸ்டர்தான் யோசனை சொன்னார், காரில் விளக்குப் போட்டுத் திரும்புவதைப்போல என்று. பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டம். மாஸ்டருக்கு அது போக்குவரத்து விதி.

அந்த விதிதான் பாட்டுச் சேனலுக்குத் தலைவலியானது. முழு நாளும் பாட்டு மட்டுமே போடுகிற சேனல் அது; அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். வாயாடி கொடுத்த ஒளிநாடாவிலிருந்து ஹாரன் பாட்டை ஒரு தடவை போட்டார்கள். தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் மறுபடி போடச் சொன்னார்கள். மீதிப் பேர், குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இது என்ன கூத்து என்று கேட்டார்கள். அந்த மீதியில் சேனலுக்குப் பெரிய விளம்பரம் கொடுக்கும் சோப்புக் கம்பெனி முதலாளியும் ஒருவர்.

நிகழ்ச்சி மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நடைவழியில் போகும்போது அவரே அந்தப் பாட்டை முணுமுணுப்பார்; எதிரே யாராவது வந்தால் இருமுவார். அவளைக் காட்டாமலும் இருக்க முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. படத்தொகுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டு, இடுப்பு வரும் இடமெல்லாம் வெட்டச் சொன்னார்.

"வெட்டினா பாட்டுல ஓட்டை விழும் சார். அந்த இடத்துல எதைப் போடறது?"

"ஆடாத ஆளா யாரையாவது போடு."

அக்கா படம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே முழுசாக மறைந்திருக்கிற ஒரே ஆள் மாஸ்டர்தான். முன்னால் பெரிய ட்ரம் திரை கட்டியதுபோல் நின்றது. முகத்திலும் எந்த வம்பும் இல்லை. எங்கே ஒட்டினாலும் ஒட்டியது. வாயாடி இடுப்பை வெட்டும்போதெல்லாம் மாஸ்டர் வந்தார். அவளோ நிமிடத்துக்கு நிமிடம் வெட்டுகிறவள். பாட்டு முடிந்தபோது அவளைவிட மாஸ்டர்தான் அதிக நேரம் தெரிந்தார்.

இப்படி ஒரு மனிதர் பிரபலமானதை உலகம் பார்த்திருக்காது. ஒரு நாள் வங்கி அதிகாரி அம்மாள் ஒருவர், பயிற்சியின் நடுவே அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்தவர் ஸ்டியரிங்கை அப்படியே விட்டுவிட்டு, "அட, நீங்க அந்த ஹாரன் பாட்டு ஆள்தானே" என்று கைகொடுத்தார். மாஸ்டர் ஒரு கையால் கைகுலுக்கி, மறுகையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, காலால் பிரேக்கை மிதித்தார். ட்ரம்ஸ் பழகியதற்கு இந்தப் பலனாவது இருந்ததே. பழக்கடையில் ஒரு பழம் கூடப் போட்டார்கள். மாமியார் ஒரே வாரத்தில் கட்சி மாறினாள். "எங்க மாப்பிள்ளையோட இசை" என்றாள், தகரம் என்ற சொல்லை வாழ்நாளில் கேட்டறியாதவளைப்போல.

வாயாடி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. தெருவில் ஒரு பெண் அவளை நிறுத்தி, "நீங்க மாஸ்டர் குழுவுல பாடறவங்கதானே?" என்று ஆசையாகக் கேட்டபோது அது அடியோடு நின்றுபோனது. நேரே சேனலுக்குப் போய் மேலாளரை உண்டு இல்லை என்று ஆக்கினாள்.

"பாட்டு எழுதினது நான். பாடினது நான். என் பாட்டுல என்னையே காணோம்னா என்ன சார் அர்த்தம்?"

"அவரைக் காட்டலேன்னா பாட்டையே காட்ட முடியாதும்மா. புரிஞ்சுக்கோ."

"அப்ப காட்டாதீங்க" என்று தன் ஒளிநாடாக்களையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீம்பு இரண்டு பக்கமும் கொஞ்ச காலம் தாங்கியது. அவள் பாட்டு இல்லாத சேனலை ஜனங்கள் தாண்டிப் போனார்கள். சேனலில் வராத பாட்டுக்காரியின் அரங்குகளில் காலி நாற்காலிகள் தெரிந்தன. கடைசியில் மேலாளர் இறங்கி வந்தார். சேனலின் ஆண்டு விழா, மாலை நேர நேரலை, பெரிய அரங்கம். மூன்று பாட்டு, ஒரு வெட்டும் கிடையாது. நேரலையில் கத்திரி ஏது? வாயாடி ஒத்துக்கொண்டாள்.

விழாச் சுவரொட்டி ஒட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்த்த மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வாயாடியின் முகம் ஒரு மூலையில். நட்டநடுவில், சாவியைத் தேடிக்கொண்டு, அவர்.

அன்றைய ஒத்திகையில் வாயாடி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அண்ணே, உங்க மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா எத்தனை நாளைக்கு நான் மூலையிலயே நிக்கறது? இந்த விழாவுலயும் உங்க முகத்தைத்தான் காட்டினாங்கன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். இருட்டுல உட்கார்ந்து வாசிக்கற ஆளா."

"சரிம்மா" என்றார் மாஸ்டர். வேறு என்ன சொல்வார்? அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் வலித்தது.

விழாவுக்கு முந்தின நாள் படத்தொகுப்பாளர் அக்கா பயிற்சிப் பள்ளிக்கே வந்துவிட்டாள். நேரலையில் எந்தக் கேமராவின் படம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று பொத்தானை அழுத்தப்போவது அவள்தான். கார் கழுவும் இடத்தில் நின்று குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"மாஸ்டர், உங்களுக்குன்னே ஒரு கேமரா வச்சிருக்காங்க. அது அசையாது. அந்தப் பொண்ணு இடுப்பை அசைச்சா உடனே உங்களுக்கு மாத்தணும்னு உத்தரவு. எனக்கே கேவலமா இருக்கு. ஆனா மேலாளர் என் காதுல கத்திக்கிட்டே இருப்பார், நான் என்ன பண்ண?"

மாஸ்டர் குழாயை மூடிவிட்டு யோசித்தார். வாயாடியிடம் சொன்னால் விழாவையே தூக்கி எறிந்துவிடுவாள். அவளுக்கு வந்த பெரிய மேடை போய்விடும். சொல்லாவிட்டால் தன் முக்காலி போய்விடும். அன்று காரில் ஏறியவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது, "திரும்பிப் பார்க்காம எப்படி ஓட்டறது மாஸ்டர்?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது.

வீட்டில் மனைவி அவருடைய மேடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் நாளைக்குத் திரும்பி உட்காரப் போறேன்" என்றார்.

"எதுக்குத் திரும்பி?"

"முகத்தைக் காட்டத்தானே கேமரா வைக்கறாங்க. முகம் இல்லேன்னா? ஒரு ஆளோட முதுகை எவ்வளவு நேரம் காட்டுவாங்க? அவகிட்டத்தான் திரும்பப் போயாகணும்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவளைப் பாக்காம எப்படி வாசிப்பீங்க?"

"காது இருக்கே."

"எங்கம்மா உங்க முகத்தைக் காட்டறதுக்குத் தெருவையே கூப்பிட்டு வச்சிருக்காங்க. அதுக்கு என்ன பண்றதாம்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவளைப் பார்த்து இவரும் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து மாமியார், "மாப்பிள்ளை, நாளைக்குத் தலையை நிமிர்த்தி உட்காருங்க, கழுத்து தெரியணும்" என்று குரல் கொடுத்தாள். அதோடு இருவரும் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அரங்கில் கூட்டம் நிரம்பி வழிந்தது. விளக்கை அணைத்துப் பெயரை அறிவிக்கிற இடைவெளியில் மாஸ்டர் முக்காலியையும் ட்ரம்களையும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். கிடார்காரர் விழித்தார். வாயாடி, "என்ன அண்ணே இது" என்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. இனி பேச நேரமில்லை.

முதல் இரண்டு பாட்டும் ஒத்திகையில் போட்ட கோட்டிலேயே போயின. வீடுகளில் நடந்தது வேறு. அவள் அசையும்போதெல்லாம் வியர்வையில் ஒட்டிய ஒரு சட்டை முதுகு திரையை நிறைத்தது. மேலாளர், "என்னது இது? மாத்து, மாத்து" என்றார். மாற்றினால் இடுப்பு. "ஐயோ, அவருக்குப் போ" என்றார். போனால் முதுகு. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவர் தலையைப் பிடித்துக்கொண்டதாக அக்கா பிறகு சொன்னாள்.

மூன்றாவதாக ஹாரன் பாட்டு. கூட்டமே சேர்ந்து பாடியது. முன்வரிசையில் யாரோ ஒரு ஆள் வாயாலேயே ஹாரன் அடித்தான். வாயாடி அதை விடுவாளா? இடுப்பை இடப்பக்கம் வெட்டி, நிறுத்தினாள். கிடார் நின்றது. எல்லாம் நின்றது. மாஸ்டர் மட்டும் சுவரைப் பார்த்தபடி டம் டம் டம் என்று போய்க்கொண்டே இருந்தார். அரங்கம் முழுக்க அவர் ஒருவர் சத்தம்தான். தெரிந்து கையை நிறுத்தியபோது கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மாஸ்டருக்குக் காது சூடேறியது. தொழிலில் அவர் ஒரு நாளும் பிரேக்கைத் தவறவிட்டதில்லை. அவளுடைய பெரிய மேடையைத் தானே கெடுத்துவிட்டோம், முக்காலி இப்போதே போயிற்று என்று நினைத்தார். திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா? திரும்பினால் முகம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே."

கண்ணைத் திறந்தார். வாயாடி அவருக்கு எதிரே நின்றாள். மைக் கம்பியை இழுத்துக்கொண்டு, ட்ரம்களைச் சுற்றி, சுவருக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றிருந்தாள். அவர் ஏன் திரும்பி உட்கார்ந்தார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது; அது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"என்னைப் பாக்காம வாசிச்சா இப்படித்தான் ஆகும்" என்றாள் மைக்கிலேயே. கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவளோடு சேர்ந்து. "இப்பத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினாள். மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அப்புறம் நடந்ததுதான் விழா. ஹாரன் அடித்தவனை வம்புக்கு இழுத்தாள், நிறுத்தினாள், அவன் பதில் சொன்னான், தொடங்கினாள். அவள் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். மாஸ்டரின் கை நூல் இழை பிசகவில்லை. உடம்பெல்லாம் மகிழ்ச்சி ஓடியது அவருக்கு. இதற்குத்தானே பிறந்தேன் என்று சத்தமாகவே சொன்னார். ட்ரம்ஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அசையாத கேமரா அசையாமலே நின்றது. அதன் முன்னால் மாஸ்டரின் முதுகு. அந்த முதுகுக்கு அந்தப் பக்கம், கேமராவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, தலை முதல் இடுப்பு வரை வாயாடி. படத்தொகுப்பாளர் அக்கா உத்தரவுப்படி பொத்தானை அழுத்தினாள். அழுத்தியவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆடறா, ஆடறா. ட்ரம்ஸுக்குப் போ" என்று மேலாளர் காதில் அலறினார்.

"ட்ரம்ஸ்லதான் சார் இருக்கேன்" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரம் கழித்து மேலாளர் காலால் தாளம் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக அக்கா சத்தியம் செய்கிறாள். அந்தப் பாட்டு முழுவதையும் நாடே பார்த்தது. சோப்புக் கம்பெனி முதலாளி என்ன சொன்னாரோ தெரியாது. அவர் வீட்டிலிருந்து மறுநாள் அதே பாட்டைக் கேட்டுத் தொலைபேசி வந்தது. மாமியார் கூப்பிட்டு வைத்திருந்த தெருக்காரர்கள், "முகத்தையே காட்டலையே" என்று குறைப்பட்டார்களாம். "நல்லாப் பாருங்க, அந்தத் தோள் யாருக்கு வரும்?" என்று கேட்டு அவர்களை வாயடைக்க வைத்திருக்கிறாள் அந்த அம்மாள்.

விழா முடிந்ததும் வாயாடி நேரே உடை மாற்றப் போய்விட்டாள். மாஸ்டர் ட்ரம்களைக் கழற்றி, பயிற்சிக் காரின் பின் இருக்கையில் அடுக்கி, கொட்டகையில் கொண்டுபோய் இறக்கினார். மறுநாள் வேலையில் அவருக்குக் காலே ஓடவில்லை. முக்காலி உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லையே. கேட்கவும் பயம்.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனார். அவருக்கு முன்னாலேயே வாயாடி வந்திருந்தாள். அவருடைய பெரிய ட்ரம்மைத் தன்னந்தனியாகத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அது இருக்கும் பின்சுவரிலிருந்து ஒத்திகையில் தன் மைக் நிற்கும் இடத்துக்கு, அதை ஒட்டினாற்போல. வியர்த்து வழிந்தது.

"என்னம்மா பண்றே?"

"சும்மா பாத்துக்கிட்டு நிக்காம அந்தப் பக்கம் பிடிங்க."

மாஸ்டர் பிடிக்கவில்லை. "இங்கே வச்சா நான் உன் பக்கத்துல வந்துடுவேன். திரும்ப எல்லாரும் என்னையே பாப்பாங்க."

வாயாடி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"பாக்கட்டும். உங்களைப் பாக்கறவங்களுக்கு இனிமே நானும் தெரிவேன்ல. பிடிங்க அண்ணே, கனக்குது."